நாலரை மணி ஆனால் ஊரைக் கூட்டும் ஜாங்கிரி

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் பிளஸ் ஒன் படிக்கும்போது அடம்பிடித்து சன் கன்யூர் என்ற வெளிநாட்டுக் கிளிக்குஞ்சு ஒன்றை வாங்கி, சிரிஞ்சில் கஞ்சி ஊட்டி வளர்த்தான். பெயர் ஜாங்கிரி. இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. இந்த மே மாதம் வீட்டுக்கு பெயின்ட் அடித்தோம். பழைய கூண்டு துருப்பிடித்துவிட்டதால், கம்பி வலை அடித்துப் புதிதாகப் பெரிய கூண்டு செய்து ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தோம். ஜூலையில் மகன் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போய்விட்டான். அதிலிருந்து தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிவரை கத்துகிறது. அவன் ஸ்கூல் விட்டு வரும் நேரம் அது. ஒரு பிஸ்கட் கொடுத்தால் ஐந்து நிமிஷம் நிறுத்தும், மறுபடி ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். என்னிடம் குழந்தை மாதிரி இருக்கும். மடியில் படுக்கும், முதுகைத் தடவினால் கண்ணை மூடிக்கொண்டு வாலைத் தூக்கும். சமயத்தில் சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் கணவர் என் பக்கத்தில் வந்தால் மட்டும் பறந்துபோய்க் கடிக்கிறது. காதில் ரத்தமே வந்துவிட்டது. ஒரு மாதமாக நெஞ்சு இறகைப் பிடுங்கிப் போடுகிறது, சதை தெரிகிறது. பறவைக் கடையில் தண்ணீரில் கலக்க ஒரு மஞ்சள் பொடி கொடுத்தார்கள். றெக்கையை வெட்டினால் அடங்கும் என்றார்கள். நாத்தனார், துணைக்கு ஒரு பச்சைக்கிளி வாங்கி விடு என்கிறார். மாமியார் திருஷ்டி என்கிறார். மகன் போனில் பேசினால் இன்னும் அதிகமாகக் கத்துகிறது. பேசாமல் யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது கொடுக்காதீர்கள். இந்தப் பழக்கங்களோடு இன்னொரு வீட்டுக்குப் போனால், அவர்கள் இரண்டு மாதத்தில் மூன்றாவது வீடு தேடுவார்கள். நல்ல கவனிப்பில் சன் கன்யூர் இருபது, இருபத்தைந்து வருஷம் இருக்கக்கூடிய பறவை. அப்படி வீடு மாறி மாறி வந்த கிளிகளைப் புதுச்சேரியில் என்னிடம் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கெட்ட பழக்கம் கூடச் சேர்ந்திருக்கும்.

கத்தலைப் பற்றித்தான் கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை நெஞ்சைப் பற்றி. சதை தெரிகிற அளவுக்குப் பிடுங்குகிறது என்றால் பழக்கம், மனக்கஷ்டம் என்று பேசுவதற்கு முன்னால் உடம்பில் என்ன என்று பார்த்தாக வேண்டும். தானே பிடுங்குகிறதா, வேறு நோயில் உதிர்கிறதா என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். தலையைப் பாருங்கள். கிளியின் அலகுக்கு உடம்பில் எல்லா இடமும் எட்டும், தன் தலை மட்டும் எட்டாது. தலையில் இறகு முழுசாக இருந்து நெஞ்சு மட்டும் காலி என்றால் அது தானே பிடுங்குவது. தலையிலும் கொட்டியிருந்தால் கதை வேறு. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

உங்கள் கடிதத்தில் பெயின்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரே வரியில் கடந்துபோன ஒரு விஷயம் இருக்கிறது: கம்பி வலை அடித்துச் செய்த புதுக் கூண்டு. அது ஜி.ஐ. வலையா, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலையா? பக்கத்தில் போய் விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டுகிறதா, கம்பி சேரும் முடிச்சில் சின்னச் சின்னதாக வெள்ளிச் சொட்டு மாதிரி நிற்கிறதா? அது துத்தநாகம். கன்யூர் கூண்டில் நடப்பதில்லை, அலகால் கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கம்பியை வாயில் வைக்கிறது என்று ஒரு மணி நேரம் எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே பகீர் என்றிருக்கும். அந்தச் சொட்டுகளைக் கொறித்து விழுங்கினால் உடம்பில் விஷம் சேரும். தண்ணீர் அதிகமாகக் குடிக்கும், எச்சம் தண்ணியாகப் போகும், சோர்ந்து உட்காரும். சில கிளிகள் இறகையும் பிடுங்கும். ஜாங்கிரிக்கு இதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் மகன் ஊருக்குப் போனதால்தான் எல்லாம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். இந்த வருஷம் அதன் வாழ்க்கையில் மாறியது மூன்று: ஆள், கூண்டு, இடம். வயதுக்கு வந்ததையும் சேர்த்தால் நான்கு. அந்த நான்காவதுக்குப் பிறகு வருகிறேன்.

ஆகையால் இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்குங்கள். பறவைகளைப் பார்த்துப் பழக்கமுள்ள டாக்டர் அங்கே கிடைக்காவிட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லை. எச்சப் பரிசோதனை, தோல் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே. உலோகத் துண்டு வயிற்றில் இருந்தால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். போவதற்கு முதல் நாள் ராத்திரி கூண்டின் அடியில் வெள்ளைத்தாள் விரித்துவிட்டு, காலையில் அதை அப்படியே மடித்து எடுத்துப் போங்கள். கூண்டைச் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாங்கிரியை ஓட்டை போட்ட சின்னப் பெட்டியில், அடியில் துண்டு போட்டு, மேலே மெல்லிய துணி மூடிக் கொண்டுபோங்கள். திறந்த கூண்டில், பைக்கின் பின்னால் வேண்டாம். அதுவரை அந்த மஞ்சள் பொடியை நிறுத்துங்கள். இந்த மாதிரிப் பொடி பெரும்பாலும் ஆன்டிபயாடிக். என்ன கிருமி என்றே தெரியாமல் கொடுப்பது ஒரு தப்பு. தண்ணீரில் கலந்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, நிறம் மாறிய தண்ணீரைப் பல கிளிகள் குடிக்காமலே கிடக்கும் என்பது இன்னொன்று. நெஞ்சில் தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். இறகில் எண்ணெய் ஏறினால் ஒட்டிக்கொள்ளும், அதைக் கோதிக் கோதி வயிற்றுக்குள் தள்ளும்.

கழுத்தில் பட்டை மாட்டினால் பிடுங்காது என்று யாராவது சொல்வார்கள். நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிளிக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வட்டமாக வெட்டிக் கழுத்தில் மாட்டி அனுப்பினேன். பிடுங்குவது நின்றது. இறகு முளைத்தது. எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது வாரம் பட்டையைக் கழற்றினேன். அன்று சாயங்காலத்துக்குள் முளைத்த அத்தனையையும் பிடுங்கிப் போட்டுவிட்டது. காரணத்தை நான் தொடவே இல்லை. ரத்தம் வரும்வரை கடித்துக்கொள்கிற கிளிக்கு மட்டும், காயம் ஆறும்வரை பட்டை தேவைப்படும். அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது அந்த நான்காவது. சன் கன்யூர் ஏறக்குறைய இரண்டு வயதில் பருவத்துக்கு வரும். மடியில் படுக்கிறது, முதுகைத் தடவினால் வாலைத் தூக்குகிறது, சோபாவுக்கு அடியில் போய் உட்காருகிறது என்கிறீர்கள். உங்கள் கணக்கில் அது குழந்தை. ஜாங்கிரி கணக்கில் உங்களோடு கல்யாணம் முடிந்து குடித்தனம் நடக்கிறது. கிளிக் கூட்டத்தில் நட்பு என்றால் ஒன்று இன்னொன்றின் தலையையும் கழுத்தையும் கோதும். முதுகு, வால், றெக்கைக்கு அடிப்பக்கம் எல்லாம் ஜோடிக்கு மட்டும். காட்டில் மரப்பொந்தில் கூடு வைக்கிற ஜாதி இது. சோபாவுக்கு அடி, அட்டைப்பெட்டி, மடித்த சட்டை என்று இருட்டாக இடுக்காக எது இருந்தாலும் அதற்குப் பொந்துதான். அப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து காபி கேட்டால் அவர் யார்? வீட்டுக்குள் நுழைந்த அந்நிய ஆண்கிளி. காதைக் கடிக்காமல் என்ன செய்யும்? முட்டை இடாத, ஜோடி சேர முடியாத இந்த இழுபறியில் பல கிளிகள் நெஞ்சு இறகைப் பிடுங்கவும் ஆரம்பிக்கும்.

இதற்கு மருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது. இன்றிலிருந்து தலை, கன்னம், கழுத்து, அதோடு நிறுத்துங்கள். மடி வேண்டாம், புடவைத் தலைப்புக்குள் நுழைய விடவேண்டாம். சோபாவின் அடியை அட்டை வைத்து அடைத்துவிடுங்கள். கூண்டுக்குள் பானை கட்டியிருந்தால் கழற்றுங்கள். பல வீடுகளில் ‘தூங்கட்டும்’ என்று பானை வைக்கிறார்கள். அது தூங்கும் இடம் இல்லை, பிரசவ அறை. சூடாகப் பிசைந்த சாதம் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் குறையுங்கள், ஜோடி ஊட்டிவிடுவது அப்படித்தான் இருக்கும்.

பிறகு தூக்கம். பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, கயானாவும் வடக்கு பிரேசிலும் இதற்குச் சொந்த ஊர். அங்கே வருஷம் முழுக்க ராத்திரி ஏறக்குறைய 12 மணி நேரம். உங்கள் ஹாலில் டிவி எத்தனை மணிக்கு அணைகிறது? பத்து? பத்தரை? அதற்கப்புறம் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து லைட் போடுவார்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்த குழந்தை மறுநாள் எப்படிப் படுத்துமோ அப்படித்தான் இதுவும். நீண்ட வெளிச்சம், இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது என்றும் அதன் உடம்புக்குச் சொல்லும். உங்கள் மகனுடைய அறை காலியாகத்தானே இருக்கிறது. பழைய கூண்டு போய்விட்டது என்றாலும் சின்னதாக ஒரு தூங்கும் கூண்டு அங்கே வையுங்கள். ஏழு மணிக்கு உள்ளே, திரையை இழுத்து, கதவைச் சாத்தி, காலையில் ஆறு, ஆறரைக்கு வெளியே. பகல் கூண்டை டிவி பக்கத்திலிருந்து எடுத்து, ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி வையுங்கள். நாலு பக்கமும் திறந்த இடத்தில் கிளி முதுகைக் காட்ட இடமில்லாமல் நாள் முழுக்க விறைப்பாகவே நிற்கும்.

கத்தலுக்கு வருவோம். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்: சன் கன்யூர் கத்தும். வீட்டுக் கிளிகளில் தொண்டை பெரிய ஜாதி அது. வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். காலையில் விடியும்போதும் சாயங்காலம் அடங்கும் நேரத்திலும் கூட்டத்தை அழைத்து ‘நான் இங்கே, நீ எங்கே’ என்று விசாரிப்பது அதன் இயல்பு. உங்கள் ஊர்ப் புளியமரத்தில் சாயங்காலம் பச்சைக்கிளிகள் அடையும்போது கேட்டிருப்பீர்களே. அந்தக் கால்மணி நேரத்தை யாராலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. கால்மணி நேரம் எப்படி இரண்டரை மணி நேரம் ஆனது என்பதுதான் கேள்வி.

பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பிஸ்கட். மகன் வரும் நேரத்தில் அவன் வரவில்லை, கூப்பிட்டுப் பார்த்தது. இலவு காத்த கிளி என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனால் இது காத்திருந்து ஏமாந்து போகவில்லை. கத்தியதும் நீங்கள் ஓடிவந்தீர்கள். கையில் பிஸ்கட். மகன் வராவிட்டாலும் கத்தினால் அம்மா வருவாள், அதுவும் பிஸ்கட்டோடு என்று ஒரே வாரத்தில் படித்துக்கொண்டது. கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி என்போம், திரும்பத் திரும்பச் சொன்னால்தான் வரும் என்று. உண்மையில் அதற்கு வார்த்தையைவிட வேகமாகப் பதிவது, எதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதுதான். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு ஆப்பிரிக்கன் கிரே கிளி குக்கர் விசிலை அச்சு அசலாக அடிக்கும். ‘டாக்டர், எங்க வீட்டுக் குக்கரே இதுகிட்ட கத்துக்கணும்’ என்று பெருமையாகச் சொன்னார் அந்த அம்மா. போய் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு விசில் வரை அசையாமல் இருந்தவர், மூன்றாவது விசில் வந்ததும் அனிச்சையாக எழுந்து சமையலறைக்கு ஓடினார். கூண்டு சமையலறை வாசலில். போகிற வழியில் ‘சும்மா இருடா’ என்று ஒரு வார்த்தை, ஒரு கடலைப்பருப்பு. கிரே என்னைத் திரும்பிப் பார்த்தது. யார் யாரைப் பழக்கியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

திட்டுவதும் அதற்குப் பரிசுதான். ‘ஜாங்கிரி, வாயை மூடு!’ என்று நீங்கள் இங்கிருந்து கத்தினால், கூட்டத்தில் இன்னொரு கிளி பதில் சொல்லிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அதனால் ஏழு நாள், கத்தும்போது நீங்கள் செய்வதை மட்டும் மாற்றாமல், ஒரு நோட்டில் எழுதுங்கள். கத்துவதற்குச் சற்று முன்னால் வீட்டில் என்ன நடந்தது, எத்தனை மணி, கத்தியதும் யார் என்ன செய்தார்கள். அவ்வளவுதான். ஒரு நாள் எல்லோரும் வெளியே போய்விட்டு, செல்போனை வீடியோவில் போட்டுக் கூண்டுக்கு எதிரே வைத்துவிட்டு வாருங்கள். ஆளில்லாத வீட்டில் கத்தாமல் அமைதியாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும் கிளிகள் உண்டு. ஆளில்லாதபோதுதான் இறகைப் பிடுங்குகிற கிளிகளும் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பிறகு, நாலரைக்கு அல்ல, நாலேகாலுக்கு வேலையை ஆரம்பியுங்கள். கத்துவதற்கு முன்னால். காட்டில் கிளி விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தீனி தேடுவதிலேயே போய்விடும். கூண்டில் கிண்ணம் நிறைய சூரியகாந்தி விதை. பத்து நிமிஷத்தில் சாப்பாடு முடிந்தது, மீதி நாளுக்கு வேலையில்லை. பனை ஓலைக் கொட்டான் ஒன்றில் பழுப்புக் காகிதத்தைக் கசக்கிப் போட்டு, நடுநடுவே பத்து விதை, ஒரு துண்டு மக்காச்சோளக் கதிர், இரண்டு முருங்கைக்கீரைக் கொத்து ஒளித்துவைத்து நாலேகாலுக்கு உள்ளே வையுங்கள். முதல் நாள் பயப்படும், எட்டிப் பார்க்காது. கூண்டுக்கு வெளியே ஒரு நாள் இருக்கட்டும், நீங்கள் அதிலிருந்து ஒன்று எடுத்துத் தின்பதுபோல் பாசாங்கு செய்யுங்கள். பொறாமை வந்தால் பயம் போய்விடும்.

நாலரைக்கு அப்படியும் கத்தினால் யாரும் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. அறையை விட்டுப் போய்விடுங்கள். அடுத்த அறையிலிருந்து ஒரு விசில் மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், அல்லது மெல்ல ‘ஜாங்கூ’ என்று. அது மூச்சு வாங்க நிறுத்தும் அந்த மூன்று விநாடியில் விசிலடியுங்கள். அது சின்னக் குரலில் ஏதாவது பதில் சொன்னால் உடனே வந்து ஒரு விதை. நாளாக நாளாக மூன்று விநாடி பத்தாகட்டும், பத்து ஒரு நிமிஷமாகட்டும். கூப்பிட்டால் பதில் வரும் என்று தெரிந்த கிளிக்குக் கூரையைப் பிய்க்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. முதல் வாரம், பத்து நாள் முன்பைவிட மோசமாகக் கத்தும். ஸ்விட்சைப் போட்டு லைட் எரியாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நாலு தடவை தட்டித் தட்டிப் பார்க்கிறோம். அதுவும் அப்படித்தான் தட்டிப் பார்க்கும். ஒன்பதாவது நாள் தாங்க முடியாமல் நீங்கள் பிஸ்கட்டோடு போய் நின்றால், ‘இவ்வளவு கத்தினால்தான் வரும்போல’ என்று அடுத்த பாடம் படித்துவிடும். அதற்கு ஆரம்பிக்காமலே இருப்பது மேல். எனவே வீட்டில் நாலு பேரும், முக்கியமாக மாமியார், ஒரே பேச்சாக நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு இப்போதே போய், பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். போகும்போது பண்ருட்டிப் பலாச்சுளை ஏதாவது எடுத்துப் போனால் காரியம் சுலபம். பகலில் கூண்டைப் போர்வையால் மூடித் தண்டிக்காதீர்கள். இருட்டு தூக்கத்துக்கு மட்டும்.

உங்கள் வீட்டுக்காரருக்குத் தனியாகச் சொல்கிறேன். சார், கையுறை போடாதீர்கள், அதைப் பார்த்தாலே கிளிக்குக் குலை நடுங்கும். கடித்ததும் ‘ஐயோ’ என்று துள்ளுவதும் கையை உதறுவதும் அதற்கு நல்ல வேடிக்கை. கடிப்பதற்கு முன்னால் அது சொல்லிவிட்டுத்தான் கடிக்கும்: பிடரி இறகு சிலிர்க்கும், வால் விசிறி மாதிரி விரியும், தலையைத் தாழ்த்தி வாயைத் திறக்கும். அதைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனால் தோல்வி இல்லை. ‘சொன்னால் கேட்கிற ஆள்’ என்று அதற்குத் தெரியும். சூரியகாந்தி விதையை இனிமேல் கிண்ணத்தில் வேறு யாரும் போடக்கூடாது. அது முழுக்க உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாக, கூண்டுக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். அதை உற்றுப் பார்க்க வேண்டாம். கடந்துபோகும் போதெல்லாம் ஒரு விதையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். நாலைந்து நாளில் நீங்கள் வருவதைப் பார்த்ததும் கிண்ணத்தின் பக்கம் ஓடிவரும். அதற்கப்புறம் ஒரு ஐஸ் குச்சி. கம்பிக்கு வெளியே குச்சியின் நுனியைக் காட்டுங்கள். அலகால் தொட்டால் ‘சரி’ என்று ஒரு வார்த்தை, ஒரு விதை. தொடும், விதை. தள்ளிக் காட்டுங்கள், நடந்துவந்து தொடும், விதை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், காலைத் தீனிக்கு முன்னால் நல்லது. குச்சியைத் தொடர்ந்து வரப் பழகிய கிளியை நாளைக்குக் கையில் ஏற்றுவதும் கூண்டுக்குள் அனுப்புவதும் குச்சியாலேயே முடியும், துரத்த வேண்டாம். அதுவரை தோளில் ஏற்றாதீர்கள். காதும் கண்ணும் அதன் அலகுக்கு நேரே இருக்கும் இடம் அது.

விதையைக் குறைத்தால் வேறென்ன கொடுப்பது? சூரியகாந்தி விதையில் கொழுப்பு நிறைய, வைட்டமின் ஏ கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். வைட்டமின் ஏ குறைந்தால் தோலும் மூக்கும்தான் முதலில் கெடும். பெல்லட், அதாவது கிளிக்கென்று கடையில் விற்கும் உருண்டைத் தீனி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். கேரட், பரங்கி, சர்க்கரைவள்ளி, முருங்கைக்கீரை, கொய்யா கொடுங்கள். காய்ந்த மிளகாய்கூட ஆசையாகத் தின்னும். காரம் பறவைக்கு உறைக்காது. பிஸ்கட், மிக்சர், காபி, சாக்லேட், வெங்காயம், பூண்டு வேண்டாம். அவகேடோ விஷம். உங்களுக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கம்தானே, கணவாய் ஓடு கிடைத்தால் நாலைந்து நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பு போகக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கூண்டில் மாட்டுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்குவதும் அதேதான். உட்காரும் கட்டை வழவழப்பான பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் எடுத்துவிட்டு, மருந்தடிக்காத கொய்யாக் கிளையைத் தடிமன் மாறி மாறி வரும்படி வையுங்கள். காலுக்கும் நல்லது, பட்டையை உரிப்பது அரை நாள் வேலை. அரளிக் குச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். காலையில் தெளிப்பானில் வெறும் தண்ணீர் அடித்துக் குளிக்க விடுங்கள். சமையல் எடைமெஷினில் வாரம் ஒருமுறை எடை போட்டு அதே நோட்டில் குறியுங்கள். சன் கன்யூர் 100 முதல் 120 கிராம் இருக்கும். பத்து கிராம் குறைந்தால், அறுபது கிலோ ஆள் ஐந்தாறு கிலோ இளைத்த மாதிரி.

மாமியார் திருஷ்டி சுற்றிப் போடட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. கற்பூரத்தையும் மிளகாயையும் வாசலுக்கு வெளியே கொளுத்தச் சொல்லுங்கள். பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. சாம்பிராணி, கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் கொசு லிக்விட் எதுவும் அது தூங்கும் அறையில் கூடாது. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்து மறந்தால் வரும் ஆவி இன்னும் கொடியது. மனிதருக்கு வாசனைகூடத் தெரியாது, கிளி சில நிமிஷங்களில் விழுந்து செத்துவிடும். தோசைக்கு இரும்புக்கல் போதும்.

நாத்தனார் சொன்ன பச்சைக்கிளி வேண்டாம். அது நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். ஜோசியக் கிளிக்கும் விலக்கு கிடையாது. 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் உங்கள் கடலூரிலேயே வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளிக்காக ஜோசியக்காரரை வனத்துறை பிடித்தது நினைவிருக்கும். சரி, இன்னொரு கன்யூர் வாங்கலாமா என்றால், அதுவும் இப்போது வேண்டாம். பிடிக்கிறதோ இல்லையோ, கத்துவதை மட்டும் கட்டாயம் கற்றுக்கொள்ளும். நோய் இருக்கும் பறவை பக்கத்தில் புதுப்பறவையை விடவும் கூடாது. ஜாங்கிரி வெளிநாட்டு ஜாதி என்பதால் வளர்க்கத் தடையில்லை. ஆனால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டிய பட்டியலில் அது இருக்கிறது. இதுவரை செய்யாவிட்டால் மகனைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

றெக்கையை வெட்டாதீர்கள். ஏற்கெனவே இறகைப் பிடுங்கும் கிளிக்கு வெட்டுப்பட்ட நுனி குத்திக்கொண்டே இருக்கும், அங்கேயும் கடிக்க ஆரம்பிக்கும். பறக்கத் தெரிந்த கிளி, றெக்கை போனது தெரியாமல் குதித்து நெஞ்செலும்பில் விழும். உங்கள் ஜாங்கிரிக்கு அந்த இடத்தில் மெத்தையாக இறகுகூட இல்லை. வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். எங்கள் டேபிளுக்கு வரும் கிளிக் காயங்களில் மின்விசிறி அடித்தது நிறைய.

பிடுங்கிய இடத்தில் எல்லா இறகும் திரும்ப வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு மாதம்தான் ஆகிறது என்பது நல்ல செய்தி. வருஷக் கணக்கில் பிடுங்கினால்தான் வேர் செத்துப்போகும். புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும், கறுப்பாக முள் மாதிரித் தெரியும், அதைத் தொடாதீர்கள்.

மகன் தீபாவளிக்கு வரும்போது வாசலிலேயே ‘ஜாங்கிரீ’ என்று கூவிக்கொண்டு நுழைய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, அது அமைதியாக இருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போகட்டும். தினமும் போனில் பேசுவதை ஏழு மணிக்குமேல், அது தூங்கப் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கையிலிருந்து அது முதல் விதையை வாங்கும் நாளில் வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்புங்கள். பதிலுக்கு அவன் குரல்பதிவு அனுப்புவான், ஹாலில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள்.